பட்டாளத்து அப்பாவின் போர்க் கதையை எழுதி வைக்க

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம் பக்கம் பட்டாளத்துக்குப் போய் வந்த அப்பா, தாத்தா பல வீடுகளில் உண்டு. எந்தச் சண்டையில், எந்த முனையில் இருந்தார் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. என் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவு. 1971 பாகிஸ்தான் சண்டைக்குப் போனவர். அவர் காலமான பிறகு அவர் கதையைத் தேடிச் சேர்த்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் டிஸ்சார்ஜ் புக்கை, அதாவது பணி முடிந்து வரும்போது பட்டாளத்தில் கொடுத்த புத்தகத்தை, தேடுங்கள். பெரும்பாலும் பென்ஷன் ஆர்டரோடு கறுப்புத் தகர டிரங்குப் பெட்டியில் இருக்கும். பெட்டி மூடியிலேயே வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர் எழுதியிருப்பார்கள். அந்த ஆர்மி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் ஆளுக்கு ஆள் ஒரு எழுத்து மாறும், நம்பர் மாறாது. சேர்ந்த தேதி, இருந்த யூனிட், வாங்கிய பதக்கம் எல்லாம் புக்கில் இருக்கும். நடத்தை என்ற இடத்தில் 'எக்ஸெம்ப்ளரி' (முன்மாதிரியானது) என்று இருந்தால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். எங்கள் அம்மா, "வீட்ல அப்படி இல்லையே" என்றார்.

ஊர் விலாசத்தில் சேலம் ஜில்லா என்று இருந்தால் திகைக்க வேண்டாம். 1965 அக்டோபர் 2 அன்றுதான் தர்மபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரியில். 63-ல் சேர்ந்த அப்பாவுக்குக் காகிதத்துக்குக் காகிதம் மாவட்டம் மாறியது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகும்போது இதை நினைவில் வையுங்கள். பழைய பதிவு பக்கத்து மாவட்டத்தில் கிடக்கலாம்.

அப்புறம் பதக்கங்கள். 1965 பாகிஸ்தான் சண்டை என்றால் சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 71 என்றால் கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஷ்சிமி ஸ்டார். சங்ராம் மெடல் அந்தச் சமயம் பணியில் இருந்த நிறையப் பேருக்குக் கிடைத்தது. அதை மட்டும் வைத்துச் சண்டை முனையில் நின்றார் என்று எழுதிவிட முடியாது. விளிம்பிலோ பின்பக்கத்திலோ நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். பொங்கலுக்குப் பாத்திரம் விளக்கும் கையோடு புளி போட்டுத் தேய்த்தால் அந்த எழுத்து போய்விடும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

கடிதம் இருந்தால் விலாசத்தைப் பாருங்கள். 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்றால் பொதுவாக மேற்கு, வடக்குப் பக்கம், 99 ஏ.பி.ஓ. என்றால் கிழக்கு. இடத்தின் பெயரை எழுத விடமாட்டார்கள். எங்கள் வீட்டில் கடிதம் அதிகம் தங்கவில்லை. மணியார்டர் கூப்பன்களைத்தான் அம்மா மாட்டுக்கொம்புச் சீப்போடு ஒரு டப்பாவில் வைத்திருந்தார். "நலம். மாட்டுக்கு லாடம் கட்டவும்" என்ற அளவுக்குத்தான் அதில் இடம். ஆனாலும் தேதி முத்திரை இருக்கிறது. பெரிய கடிதம் கொடுக்காத தகவலைக் கூப்பன் கொடுக்கும்.

அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள். ராணுவக் கேன்டீன் வரிசையில் விசாரித்தாலே ஆள் கிடைக்கும். "போர் எப்படி இருந்தது மாமா?" என்று கேட்டால், "அதெல்லாம் என்னாத்துக்கும்மா" என்று முடித்துவிடுவார்கள். என்ன சாப்பிட்டீர்கள், குளிருக்கு என்ன போட்டீர்கள், தபால் எப்போது வரும் என்று கேளுங்கள். களி கிடைக்காமல் பட்ட பாட்டில் ஆரம்பித்தவர், தானாகவே எல்லைக்குப் போய்விடுவார்.

புக்கே தொலைந்திருந்தால் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதலாம். மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமெண்டுக்குக் குன்னூர் பக்கம் வெலிங்டன். ஆர்மி நம்பரும் நீங்கள் வாரிசு என்பதற்கான சான்றும் வையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு மனுப் போடலாம்.

சரி, இனி எழுத உட்காருகிறீர்கள். கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். எங்கள் அப்பா சொன்னது இவ்வளவே: "ஆத்துக்கு அந்தாண்ட பூரா கண்ணி. ராத்திரியில முட்டி போட்டுகினே போயி எடுத்தோம், வெள்ள நாடா கட்டிகினே வந்தோம். பின்னாடி டாங்கி வந்துச்சு." பஷ்சிமி ஸ்டாரையும் யூனிட்டையும் வைத்துத் தேடியபோது, அது ஷகர்கட் பகுதியில் பசந்தர் ஆறு என்று தெரிந்தது. 1971 டிசம்பர் 15 இரவு சாப்பர்கள் கண்ணிவெடி வயலில் வழி திறந்து வெள்ளை நாடாவால் அடையாளம் காட்ட, டாங்கிகள் ஆற்றைத் தாண்டின. மறுநாள் அங்கே நடந்த டாங்கிச் சண்டையில் இறந்த அருண் கேத்தர்பாலுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. அவருடைய டாங்கி அப்பா கட்டிய நாடா வழியாகத்தான் போனது என்று எழுதக் கை துறுதுறுத்தது. சான்று இல்லை, அதனால் எழுதவில்லை. அப்பா சொன்னதை ஒரு நிற மையிலும், நான் தேடி அறிந்ததை வேறு நிறத்திலும் எழுதினேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

நீளமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. நம் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடுகிற நடுகற்களில் எழுத்து உள்ளவற்றைப் பாருங்கள், தர்மபுரி அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்த ஆநிரைச் சண்டையில் பட்டான். சில வரிதான். அப்பாவுக்கும் அந்த வரிகளை முதலில் எழுதிவிட்டு, மற்றதைப் பிறகு சேர்க்கலாம்.

பதக்கம் யாருக்கு என்ற பேச்சு அண்ணன் தம்பிகளுக்குள் வரும். அதற்கு முன்பே எல்லாவற்றையும் இருபக்கமும் படம் எடுத்து ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் செய்யாதீர்கள், பழைய காகிதம் அந்தச் சூட்டில் கெட்டுப்போகும். குடும்பப் பென்ஷன் வேலைக்கு அது தேவைப்படும். அம்மா இருக்கும்வரை அம்மாவிடமே இருக்கட்டும்.