சோஜாங் நீர்த்துப்போகாமல் இருக்க

கொரியாவில் பச்சை மீனுக்கும் அவித்த கணவாய்க்கும் தொட்டுக்கொள்ளும் புளிப்புக் காரச் சாஸ்தான் சோஜாங். கோச்சுஜாங் என்ற கொரிய மிளகாய் விழுது 3 மேசைக்கரண்டி, அரிசி வினிகர் 2, சர்க்கரை 1, அரைத்த பூண்டு அரைத் தேக்கரண்டி. முதலில் வினிகரில் சர்க்கரையை முழுக்கக் கரைத்துவிட்டுப் பிறகு விழுதைச் சேருங்கள். விழுதில் நேரடியாகக் கொட்டினால் சர்க்கரை நறநறவென்று நிற்கும். அரை மணி நேரம் ஊறினால் வினிகரின் நெடி தணியும்.

சாஸ் தண்ணீராகிவிட்டது என்றால் பெரும்பாலும் குற்றம் தொட்டுக்கொள்ளும் பொருளில்தான். புரோக்கோலியைக் கொதிநீரில் 1 நிமிடம் போட்டெடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து வடியவிடுங்கள். பூவுக்குள் நீர் நிறையத் தங்கும். கணவாயும் ஒரு நிமிடத்துக்குமேல் வெந்தால் ரப்பராகிவிடும். எடுத்ததும் துணியால் ஒற்றுங்கள். ஏற்கெனவே நீர்த்த சாஸில் அரைத் தேக்கரண்டி கொரிய மிளகாய்த்தூள் கலந்து 10 நிமிடம் விட்டால் இறுகும்.

எனக்கு மிகவும் பிடித்தது, இந்தச் சாஸில் பிசையும் பிபிம் குக்சு நூடுல்ஸ். 100 கிராம் மெல்லிய சோம்யன் கோதுமை நூடுல்ஸை வேகவைத்து, குளிர்ந்த நீரில் கையால் தேய்த்து அலசுங்கள். மாவுப்பசை போகாவிட்டால் சாஸ் திட்டுத் திட்டாக ஒட்டும். நன்றாக வடித்து, 3 மேசைக்கரண்டி சாஸ், வெள்ளரித் துருவல், அவித்த முட்டையில் பாதி. நல்லெண்ணெய் வேண்டாம், வறுத்த எள்ளில் எடுத்த கொரிய எண்ணெய் 1 தேக்கரண்டி, அதுவும் கடைசியில். மீனுக்கென்றால் நான் அதையும் ஊற்றுவதில்லை, மீனின் சுவையை அமுக்கிவிடும்.

பூண்டு சேர்த்ததைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிடுங்கள்.