எண்ணெய்த் தலைக்கு டிரை ஷாம்பூ கேட்காது: நெல்லை வெயிலில் செய்யக் கூடாதவை

தண்ணீர் இல்லாமல் தலையில் அடிக்கும் பவுடர் ஸ்பிரேதான் டிரை ஷாம்பூ. அது தலையைக் கழுவாது. அதில் இருக்கும் மாவுச்சத்தோ சிலிக்காவோ முடியின் வேரில் சுரக்கும் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொள்ளும், அவ்வளவுதான். அழுக்கும் வியர்வை உப்பும் தலையிலேயே கிடக்கும்.

நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு, தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையில் அடிப்பது. ஒரு கரண்டி எண்ணெயை அந்தப் பவுடரால் தாங்க முடியாது. இரண்டும் சேர்ந்து வகிட்டோரம் பிசைந்த மாவாகத் திரளும். வாரினால் சீப்பின் பல்லிடுக்கில் சாம்பல் நிறத்தில் அப்பிக்கொண்டு வரும். மேலே மேலே அடித்தால் இன்னும் மோசமாகும், தலைக்குக் குளித்தே ஆகவேண்டும். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் பசை முழுக்கப் போகும்படி அலசிவிட்டு, ஞாயிறு வாக்கில் பயன்படுத்தலாம். நடுவில் எண்ணெய் வேண்டுமென்றால் நுனிமுடிக்கு மட்டும் இரண்டு சொட்டு போதும்.

அடுத்தது வியர்வை. மாவுச்சத்தில் தண்ணீர் பட்டால் கூழாகிவிடும். சித்திரை வெயிலில் ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு வண்டியில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு அடித்தால், காய்ந்ததும் பிடரி முடி கஞ்சி போட்ட துணி மாதிரி விறைக்கும். முடியைப் பிரித்துவிட்டு ஃபேனுக்கு அடியில் 10 நிமிடம் உலர்த்திய பிறகு அடியுங்கள். குற்றாலச் சாரலில் நனைந்த தலைக்கும் இதேதான். தண்ணீர் தெளித்த பிச்சிப்பூவை அடித்த உடனே சூடினாலும் பூவுக்கு அடியில் பவுடர் கட்டிக்கொள்ளும்.

டப்பாவைக் குலுக்காமல் அடித்தால் பவுடர் அடியில் தங்கி, காற்றும் ஸ்பிரிட்டும்தான் வெளியே வரும். 10 விநாடி குலுக்குங்கள். முடியை இரண்டு விரல் அகலத்துக்கு வகிடு வகிடாகப் பிரித்து, 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு வகிட்டுக்கும் ஒன்றிரண்டு விநாடி வேரில் மட்டும் அடிக்க வேண்டும். கிட்டத்தில் பிடித்தால் கருமுடியில் வெள்ளைத் திட்டு விழும். அடித்ததும் தேய்க்காதீர்கள், எண்ணெயை இழுக்க 2 நிமிடமாவது விட வேண்டும். பிறகு விரல்நுனியால் தேய்த்து, தலையைக் கவிழ்த்து வாரி உதறுங்கள். பலர் செய்யத் தவறுவது இந்த உதறலைத்தான். காலையில் அவசரமாக அடிப்பதைவிட முந்தின இரவே அடித்து உதறிவிட்டுப் படுப்பது நல்லது, திட்டும் தெரியாது.

டப்பாவுக்குப் பதிலாக வீட்டில் அரைத்த அரிசி மாவைப் போட்டால், குறுணையாக நின்று உறுத்தும். கூவைக்கிழங்கு மாவு அரைத் தேக்கரண்டி எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் வேரில் தொட்டு வைக்கலாம்.

தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். பவுடர் படிந்து படிந்து அரிப்பும் செதிலும் வரும். அதைப் பொடுகு என்று நினைத்து எண்ணெய் தேய்ப்பவர்கள் உண்டு. குளிக்கும்போது முதலில் வெறும் தண்ணீரில் விரலால் தேய்த்து அலசிவிட்டு, ஷாம்பூவை இரண்டு முறை போடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை சரியாக எழும்பாது, இன்னும் கொஞ்சம் அலச வேண்டும். அதன்பிறகும் அரிப்பு, சிவப்பு இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்பிரே டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன், புரொப்பேன் போன்ற எரியும் வாயு. விளக்கேற்றும் நேரத்தில் பூஜை அறைக்குப் பக்கத்திலோ, அடுப்பு எரியும்போது அடுக்களையிலோ அடிக்கவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து அடியுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் டப்பாவை விட்டுவிடாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடேறினால் வெடிக்கலாம்.