பாராட்டும் சாக்கும்: என் அனுபவம்

தமிழ்வழியில் படித்து, சென்னையில் மென்பொருள் வேலையில் சேர்ந்த எனக்கு ஒரு பயம் விடவேயில்லை. தெரியாமல் எடுத்துவிட்டார்கள், ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம். பாராட்டு வந்தால் அதிர்ஷ்டம் என்பேன். சின்னப் பிழை வந்தால் அதுதான் நிஜமான நான் என்று தோன்றும்.

1978இல் பாலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், சாதித்த பெண்கள் 150க்கும் மேற்பட்டவர்களிடம் கண்டு எழுதியது இந்த மனநிலையைத்தான். அவர்கள் சொன்ன ஒரு பயிற்சி எனக்குக் கைகொடுத்தது. கிடைக்கும் பாராட்டை எழுத வேண்டும். அதை ஏற்காமல் இருக்க மனசு சொல்லும் சாக்கையும் எழுத வேண்டும்.

நோட்டில் ஒருநாள் இப்படி எழுதினேன்: "பேமென்ட் பக்கத்தின் பிழையைச் சரிசெய்தேன். டீம் லீட் 'நல்லா பண்ணிருக்கீங்க' என்றார். சாக்கு: லாக் ஃபைலில் தற்செயலாகக் கண்ணில் பட்டது." படித்ததும் கோபமே வந்தது. தற்செயலா? மென்பொருளின் செயல்கள் பதிவாகும் அந்தக் கோப்பை ராத்திரி வரை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தது யார்? பக்கம் பக்கமாக இதே சாக்குதான் வேறு வேறு சொற்களில் இருந்தது.

அப்புறம் சீனியர் அக்கா ஒருவரிடம் மனம்விட்டுச் சொன்னேன். எல்லோரும் சந்தேகம் கேட்டுப் போகும் ஆள் அவர். "எனக்கு இப்பவும் அப்படித்தான்மா இருக்கு" என்றார். பாதி பாரம் அங்கேயே இறங்கியது.

ஆங்கிலத் தடுமாற்றம் வேறு விஷயம். அது பழகித்தான் சரியாகும். மீட்டிங்கிற்கு முன்பே கேள்வியை எழுதிவைத்து, முதல் ஆளாகக் கேட்டுவிடுவேன்; காத்திருந்தால் பயம் வளர்ந்துவிடும். வேலையை மதிப்பிடும் அப்ரைசல் படிவத்தை இப்போது அந்த நோட்டைப் பார்த்துத்தான் நிரப்புகிறேன், சாக்குகளை விட்டுவிட்டு.