நாய் ஓயாமல் பாதத்தை நக்கினால்

மனப்பதற்றம் என்று முடிவு கட்டுவதற்கு முன் உடம்பைப் பாருங்கள். விரலிடுக்குகளை விரித்து சிவப்பு, ஈரம், முள், உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். வெளிர்முடி செம்பழுப்பாகியிருந்தால் அது எச்சில் கறை, நெடுநாளாக நக்குகிறது. ஒவ்வாமை, பூஞ்சைத் தொற்று, மூட்டுவலி எதுவும் காரணமாகலாம். அதனால் முதலில் கால்நடை மருத்துவர்.

உடம்பில் குறையில்லையா? எப்போதெல்லாம் நக்குகிறது என்று 2 வாரம் குறித்து வையுங்கள். ஆளில்லாத நேரத்தைச் செல்போனில் பதிவு செய்யுங்கள்: நீங்கள் கிளம்பிய சில நிமிடங்களிலேயே ஊளை, கதவுப் பிறாண்டல் என்றால் பெரும்பாலும் பிரிவுப் பதற்றம், தூங்கி எழுந்து சாவகாசமாக நக்கினால் சலிப்பாக இருக்கலாம்.

அதட்டாதீர்கள், பதற்றம்தான் கூடும். நக்கும் நேரம் நெருங்கும்போதே உலர்தீனியைத் தரையில் இறைத்து மோப்பம் பிடித்துத் தேட விடுங்கள். நக்க முடியாதபடி கழுத்தில் மாட்டும் கூம்பு, நக்கி வந்த புண்ணைக் காக்கும், பழக்கத்தை மாற்றாது.