நிகழ்வாய்வு விடைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓரிடத்தில் உண்மையாக நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அது ஏன் அங்கே நடந்தது, ஏன் அந்த அளவுக்கு நடந்தது என்று காட்டுவதுதான் புவியியல் பாடத்தின் நிகழ்வாய்வு. மாணவர்கள் பெரும்பாலும் இதை மனப்பாடப் பகுதியாகவே நடத்துகிறார்கள். தேதி, அளவு, உயிரிழப்பு, சேத மதிப்பு என்று பத்துப் பன்னிரண்டு எண்களை உருப்போட்டு வைத்துக்கொண்டு, கேள்வித்தாளில் அந்த ஊரின் பெயரைக் கண்டதும் அத்தனையையும் அப்படியே இறக்கிவைத்துவிடுகிறார்கள். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. விடையில் அந்த எண் ஏதாவது வேலை செய்கிறதா, அல்லது சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே சொல்லவிருக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையிலிருந்து கிளைப்பவை.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். ஆளில்லாத பனிவெளியில் நிலம் நடுங்கினால் அது வெறும் இயற்கை நிகழ்வு. அதனால் மக்களுக்கோ உடைமைக்கோ தீங்கு நேரக்கூடும் என்றால் அது இடர். தீங்கு நேர்ந்து, அதைத் தன் சொந்த வலுவில் சமாளிக்க முடியாமல் ஒரு சமூகம் தடுமாறினால் அது பேரிடர். இந்த வேறுபாடு அலங்காரத்துக்காகச் சொல்லப்படுவதன்று. இதை மறந்தவர்கள், ‘2010இல் ஹைட்டியில் இத்தனை பேர் இறக்கக் காரணம் என்ன’ என்ற கேள்விக்குக் புவியோட்டின் பெருந்துண்டுகளான கரீபியத் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் ஒன்றையொன்று உரசியதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். தட்டுகளின் நகர்வு நில நடுக்கத்துக்குக் காரணம். உயிரிழப்புக்குக் காரணம் இடிந்து விழுந்த கட்டடங்கள். அவை ஏன் இடிந்தன என்பதே அங்கே கேட்கப்பட்ட கேள்வி.

இரண்டு நிகழ்வுகளை ஒப்பிடச் சொன்னால் அடிக்கடி எழுதப்படும் வரிகள் இவை: “ஹைட்டி ஏழை நாடு. சிலி வளர்ந்த நாடு. ஆகவே ஹைட்டியில் அதிகம் பேர் இறந்தனர்.” இதில் பொய் எதுவும் இல்லை; ஆனால் விளக்கமும் இல்லை. வறுமை தானாக யாரையும் கொல்வதில்லை. அது எதன் வழியாக உயிரிழப்பாக மாறியது என்ற இடைப்பட்ட படிகள்தான் விடை.

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியைத் தாக்கிய நிலநடுக்கத்தின் அளவு 7.0, அதே ஆண்டு பிப்ரவரி 27 அன்று சிலியைத் தாக்கியதன் அளவு 8.8. இந்த அளவுகோலில் ஒரு புள்ளி கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். ஆகவே 1.8 புள்ளி வேறுபாடு என்பது சுமார் 500 மடங்கு ஆற்றல். ‘சிலியின் நிலநடுக்கம் சற்றே பெரியது’ என்று எழுதுகிறவர் தன் கையிலிருந்த மிக வலுவான சான்றைத் தானே வீணடிக்கிறார். 500 மடங்கு வலிமையான நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 525 பேரும், வலிமை குறைந்ததில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரும் இறந்தார்கள் என்று வைத்தால்தான் ‘ஏன்’ என்ற கேள்வியே கூர்மையாக எழும்.

இனி இடைப்பட்ட படிகளைப் பார்க்கலாம். ஹைட்டியில் நிலநடுக்க மையம் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலேயே, அதுவும் 13 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்ததால், அதிர்வு வலுக்குன்றாமல் நெரிசலான நகரத்தை எட்டியது. கம்பி போதாத தூண்களின் மேல் கனத்த கான்கிரீட் கூரை வைத்த வீடுகள் அங்கே ஏராளம். கட்டட விதிகளை நடைமுறைப்படுத்தும் ஏற்பாடு இல்லை. அந்தப் பகுதியை அதற்கு முன் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது 1770இல் என்பதால் அச்சமும் முன்னெச்சரிக்கையும் தலைமுறை நினைவில் தங்கவில்லை. சிலியின் மையமோ கடலுக்கடியில், கரையிலிருந்து விலகி இருந்தது. 1960இல் வால்டிவியாவில் 9.5 அளவில், பதிவானவற்றிலேயே மிகப் பெரிய நிலநடுக்கத்தைக் கண்ட நாடு அது. கட்டட விதிகள் அத்தகைய அனுபவங்களால் இறுக்கமானவை. இவ்வளவையும் எழுதிய பின் ‘வறுமை’ என்ற சொல் வந்தால் அது முடிவாக நிற்கும்.

ஆனாலும் சிலியைக் குறையே இல்லாத முன்மாதிரியாகக் காட்டுவதும் பிழை. நிலநடுக்கத்தைத் தொடர்ந்த ஆழிப்பேரலை பற்றிய எச்சரிக்கை கடலோர மக்களுக்குச் சரியாகச் சென்றுசேரவில்லை. இறந்தவர்களில் பலர் அந்த அலையில் சிக்கியவர்கள். செல்வமே காப்பு என்ற எளிய சூத்திரத்தை மேலும் சோதிக்க விரும்புகிறவர், 2009 ஏப்ரல் 6 அன்று இத்தாலியின் லாக்குயிலாவில் 6.3 அளவேயான நிலநடுக்கத்தில் 309 பேர் இறந்ததை எடுத்துக்கொள்ளலாம். அதிகாலை 3.32 மணிக்கு, பழைய கட்டடங்கள் நிறைந்த ஊரில், எல்லாரும் உறக்கத்தில் இருந்தபோது நடந்தது அது. மறுபக்கத்தில் வங்கதேசம் இருக்கிறது. 1970இன் போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் மடிந்த அதே கடற்கரையில், 2007இல் சித்ர் புயலின்போது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். இடைப்பட்ட காலத்தில் அந்த நாடு செல்வம் கொழிக்கவில்லை. புயல் காப்பகங்களையும், எச்சரிக்கையை வீடு வீடாகக் கொண்டுசெல்லும் தொண்டர்படையையும் உருவாக்கிக்கொண்டது. ‘எந்த அளவுக்கு’ என்று தொடங்கும் கேள்விகளில் இத்தகைய எதிர்ச்சான்று ஒன்றாவது இல்லாத விடை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

விளைவுகளை முதன்மை, இரண்டாம் நிலை என்று பிரிப்பதிலும் பிழைகள் வருகின்றன. முக்கியமானது முதன்மை, முக்கியமற்றது இரண்டாம் நிலை என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அதிர்வே நேரடியாக உண்டாக்கியது முதன்மை. அதன் தொடர்ச்சியாக வந்தது இரண்டாம் நிலை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் உயிரிழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆழிப்பேரலையில் மூழ்கியவர்கள். அப்படியும் அந்த அலை இரண்டாம் நிலை விளைவாகவே வகைப்படுத்தப்படுகிறது.

இதைவிட நுட்பமான ஒரு பிழை ஹைட்டியின் காலரா. 2010 அக்டோபரில் அங்கே காலரா பரவியதை நிலநடுக்கத்தின் விளைவாகப் பல குறிப்பேடுகள் எழுதிவைத்திருக்கின்றன. காலரா கிருமியை நிலநடுக்கம் கொண்டுவரவில்லை. ஐ.நா. அமைதிப் படையினரின் முகாம் ஒன்றிலிருந்து கழிவு ஆர்ட்டிபோனிட் ஆற்றோடு சேரும் நீரோடையில் கலந்ததால் அது நுழைந்தது என்று ஆய்வுகள் காட்டின, 2016இல் ஐ.நா.வும் அதில் தன் பங்கை ஒப்புக்கொண்டது. நிலநடுக்கத்துக்குப் பின் அந்தப் படைவலிமை கூட்டப்பட்டதும், நல்ல குடிநீரும் கழிப்பிட வசதியும் நாட்டில் முன்பே போதாமல் இருந்ததும் கதையின் பகுதிகள்தாம். ஆனால் ‘பின்னால் நடந்தது’ என்பதும் ‘அதனால் நடந்தது’ என்பதும் ஒன்றல்ல.

எண்களைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். ஹைட்டியின் உயிரிழப்பை அந்நாட்டு அரசு 3,16,000 என்றது. வேறு மதிப்பீடுகள் அதில் பாதிக்கும் கீழே நிற்கின்றன. ஆகவே ஒரே எண்ணைச் சத்தியம்போல் எழுதாமல், அது யார் சொன்னது என்று சேர்ப்பது நல்லது. 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் புயலின் வேகம் ஒரு நூலில் மணிக்கு 315 கிலோமீட்டர் என்றும் இன்னொன்றில் 230 என்றும் இருப்பதைக் கண்டு மாணவர்கள் திகைக்கிறார்கள். இரண்டும் சரியே. முன்னது ஒரு நிமிடச் சராசரி, பின்னது பத்து நிமிடச் சராசரி. எதை எடுத்தாலும் ஒப்பிடும் மற்றப் புயலுக்கும் அதே முறையில் கணித்த எண்ணையே எடுக்க வேண்டும். பெரிய நிலநடுக்கங்களுக்கெல்லாம் ‘ரிக்டர் அளவு’ என்று எழுதும் வழக்கமும் விடத்தக்கது. இன்று அறிவிக்கப்படுவது பெரும்பாலும் வேறு முறையில் கணிக்கப்படும் அளவு என்பதால், ‘நிலநடுக்க அளவு 7.0’ என்றாலே போதும்.

பொருளாதார வளர்ச்சிப் பகுதியில் நைஜீரியா பலரும் எடுத்துக்கொள்ளும் நாடு. 2014 ஏப்ரலில் அந்த நாடு தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணக்கிடும் அடிப்படை ஆண்டை 1990இலிருந்து 2010க்கு மாற்றியது. கைப்பேசிச் சேவை, திரைப்படத் துறை போன்றவை உரிய எடையோடு கணக்கில் ஏறியதும், 2013ஆம் ஆண்டின் உற்பத்தி ஏறத்தாழ 89 சதவீதம் உயர்ந்து சுமார் 51,000 கோடி டாலராகி, தென்னாப்பிரிக்காவை முந்தியது. அந்த அறிவிப்பு வந்த நாளில் அந்நாட்டின் பெருநகரான லாகோஸில் யாருடைய கூலியும் ஒரு நைராகூட (அந்நாட்டு நாணயம்) கூடவில்லை. வளர்ச்சியையும் அதை அளக்கும் கோலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மேலும் 2023இல் நைராவின் மதிப்பு பெருமளவு சரிந்த பின் டாலர் கணக்கில் அந்த முதலிடமும் போய்விட்டது. ‘ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பொருளாதாரம்’ என்று இன்றும் எழுதுகிறவர் பழைய பாடநூலைத்தான் ஒப்பிக்கிறார். எந்த எண்ணோடும் ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள்.

ஒரு நாட்டை ஒரே நிறத்தில் தீட்டுவதும் பெரிய பிழை. எண்ணெய் வளம் நைஜர் ஆற்றுமுகத்தில் இருக்கிறது. 1956இல் ஒலோய்பிரியில் வணிக அளவில் எண்ணெய் கண்டறியப்பட்டதும் அங்கேதான். அந்தப் பகுதியின் ஓகோனி நிலத்தைத் தூய்மைப்படுத்தி மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011இல் அறிக்கை தந்தது. நாட்டுக்கு வருவாய் ஈட்டித் தரும் மண்ணிலேயே மீனும் பயிரும் கெட்டதைச் சொல்லாமல் ‘எண்ணெயால் நாடு வளர்ந்தது’ என்று முடிப்பது அரை விடை. ‘பெருக்க விளைவு’ என்ற சொல்லை மந்திரம்போல் தூவுவதும் அப்படியே. ஆலை வந்தது, கூலி கிடைத்தது, கூலி கடைகளில் செலவானது, கடைக்காரர் ஆள் சேர்த்தார், வரி கூடியது என்று படிகளைக் காட்டாதவரை அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

நிலத்தோற்றத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன். எளிது என்று எல்லாரும் நம்பும் பகுதி அது. அலை அரிப்பில் கடலோரப் பாறை மாறிச்செல்லும் குகை, வளைவு, தூண், அடிக்கட்டை என்ற வரிசையை யாரும் மறப்பதில்லை. இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையின் ஓல்டு ஹாரி பாறைகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் ஒரு தூண் 1896இல் சரிந்ததுவரை சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ‘கடின பாறை அரிபடாததால் கடல்முனை (கடலுக்குள் நீளும் நிலம்) உருவாயிற்று’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அந்தக் கடல்முனையில் அலை குகையைக் குடைந்தது என்கிறார்கள். கடின பாறை மெதுவாக அரிபடுகிறது. முனை கடலுக்குள் நீண்டபின் அலைகள் வளைந்து அதன் மேலேயே குவிகின்றன. பாறையின் வெடிப்புகளில் அந்த வலு வேலை செய்கிறது. கற்கள் ஒன்றோடொன்று மோதித் தேய்வதை ஓங்கலின் (செங்குத்தான கடலோரச் சரிவின்) அரிப்போடு சேர்ப்பதும் தவறு. அதில் சிறுத்து உருள்பவை கற்களே. அந்தக் கற்களை அலை ஓங்கலின் மீது எறியும்போதுதான் ஓங்கல் தேய்கிறது.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹோல்டர்னெஸ் ஆண்டுக்குச் சராசரியாக 2 மீட்டர் அளவில் பின்வாங்குகிறது. இந்தச் சராசரியைக் கண்டு, கரை ஆண்டுதோறும் ஒரே சீராக உள்வாங்குவதாக எண்ணிவிடக் கூடாது. ஓரிடம் சில ஆண்டுகள் அசையாமல் இருந்துவிட்டு ஒரே குளிர்காலத்தில் பல மீட்டரை இழக்கலாம். அலை மட்டுமே குற்றவாளியும் அல்ல. பனியாறு விட்டுச்சென்ற களிமண்ணாலான அந்த ஓங்கல் மழைநீரில் ஊறிக் கனத்துச் சரிய, கீழே விழுந்ததை அலை அள்ளிச் செல்கிறது.

1991இல் அங்கே மேப்பிள்டன் என்ற சிற்றூரையும் அதன் சாலையையும் காக்க, கடலுக்குள் நீளும் இரண்டு பாறைத் தடுப்புகளும் ஓங்கலின் அடியில் பாறை அணையும் அமைக்கப்பட்டன. ஊர் நின்றது. ஆனால் கரையோரமாகத் தெற்கு நோக்கி நகரும் மணல் தடுப்புகளில் தங்கிவிட்டதால், தெற்கே கௌடன் பகுதியின் ஓங்கல் அடியில் மணல் குறைந்து அரிப்பு வேகமெடுத்தது. இந்தக் கேள்விக்கு வரையப்படும் படங்களில் நான் முதலில் பார்ப்பது அம்புக்குறியைத்தான். எழுத்தில் எல்லாம் சரியாக இருந்தும் படத்தில் மணல் வடக்கே போவதாக அம்பு போட்டிருந்தால், மேப்பிள்டனுக்குத் தெற்கே நிலம் ஏன் கரைந்தது என்பதை அந்தப் படம் விளக்க முடியாது. வடதிசைக் குறியை முதலில் போட்டு, தடுப்பின் வடபக்கம் மணல் குவிந்திருப்பதாகவும் தென்பக்கம் கரை உள்வாங்கியிருப்பதாகவும் வரைந்துவிட்டு, அதன் பின் அம்பைப் போட வேண்டும்.