துறைக்குள் ஒரு கொலை: முதல் மர்மக் கதை எழுதுவது எப்படி?

கல்லூரிக் கொலைக்கதைகள் பலவற்றில் வேதியியல் துறையை எடுத்துவிட்டு வணிகவியலைப் போட்டாலும் கதை அப்படியே நிற்கும். அங்கேதான் கதை தோற்கிறது. அந்தத் துறைக்காரர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு கொலையாளியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒரு கதையைக் கட்டியே பார்ப்போம்.

1. துறையைப் பிடியுங்கள். தருமபுரியில் ஒரு கற்பனைக் கல்லூரி, வரலாற்றுத் துறை. நம் பக்கம் நடுகற்கள் நிறைந்த மண். மாடு மீட்கப் போய் ‘பட்டான்’ ஒருவன் என்று, யார் எப்படி இறந்தார் என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்த ஊர். கொலைக்கதைக்கு இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை.

2. முடிவை முதலில் எழுதுங்கள். உதவிப் பேராசிரியர் கண்டுபிடித்த நடுகல்லைத் துறைத்தலைவர் தன் பெயரில் கட்டுரையாக்கிவிட்டார். அதனால் உதவிப் பேராசிரியர் அவரைக் கொன்றுவிடுகிறார். சந்தேகத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை: ஆய்வேட்டில் கையெழுத்து கிடைக்காத மாணவி, வேலை நீடிக்குமா என்று தவிக்கும் கௌரவ விரிவுரையாளர்.

3. தடயம். இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். கல்வெட்டைப் படியெடுக்கும்போது கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்குவார்கள். ஈரம் கொஞ்சம் வாங்கிய பிறகே மை ஒற்றுவார்கள். அப்போதுதான் கறுப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாக நிற்கும். அவசரப்பட்டால் மை ஊறி எழுத்துக்குள்ளும் பரவிவிடும். நம் கொலையாளி சொல்வது இது: “அரூர்ப் பக்கம் படியெடுத்துக்கொண்டிருந்தேன், காய்ந்து உரிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது.” அவர் கொண்டுவந்த தாளிலோ எழுத்துகள் மங்கிக் கிடக்கின்றன. அவர் காத்திருக்கவே இல்லை. அரூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நாலு மணிக்குள் கல்லூரிக்கு வந்துவிடலாம்.

4. போலீஸ். கதை 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 என்று எழுதாதீர்கள். கொலைக்கான தண்டனை இப்போது புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு. பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர் “சரியாக 4.10” என்றும் சொல்ல மாட்டார். வெயில் காலத்தில் உடல் சீக்கிரம் விறைக்கும். தோராயமான நேரம்தான் கிடைக்கும். மிச்சத்தை வகுப்பு மணியும் வருகைப் பதிவேடும் சொல்லட்டும்.

5. தடயத்தை ஒளியுங்கள். மறைக்கக் கூடாது, வாசகர் கண்முன்னே வைக்க வேண்டும். கொலை நடந்தது தெரியவரும் முன்பே, இரண்டாம் அத்தியாயத்தில், வேறு பேச்சுக்கு நடுவே மாணவி அந்தத் தாளை மேசையில் விரிக்கட்டும்.

“மை ஊறியிருக்கு சார். வேற எடுத்துடலாமா?”

“வேண்டாம்மா, அதை மடிச்சு வை.”

அப்புறம் அவர்கள் டீ குடிக்கப் போய்விட வேண்டும்.