மாற்றுத்திறனாளி கொடுப்பனவு: விண்ணப்பத்திலும் மேன்முறையீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடுப்பனவு கிடைக்குமா இல்லையா என்று முடிவெடுக்கிறவர் பெரும்பாலும் உங்களைப் பார்ப்பதில்லை. உங்கள் கோவையைத்தான் பார்க்கிறார். முழங்காலுக்குக் கீழே கால் இல்லாத ஒருவரின் கோவையில் கூட, அவரால் என்ன செய்ய முடியாது என்பதைச் சொல்லும் ஒரு வரி இல்லாமல் இருக்கும். திருகோணமலை மாவட்டத்தில் போரில் காயப்பட்ட பலர், தகுதி இருந்தும் ஆண்டுக்கணக்கில் அலைவதற்கு இப்படியான கடதாசிக் குறைகளே முக்கிய காரணம். இவற்றில் அநேகமானவற்றைத் திருத்தலாம்.

எல்லா இடத்துக்கும் ஒரே கடதாசி

பிரதேச செயலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்துவிட்டு, எல்லா உதவிக்கும் பதிந்தாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு அலுவலகமும் கேட்கும் கேள்வி வேறு.

மாதக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்குப் பார்ப்பது உங்கள் இயலாமையையும் குடும்பத்தின் வருமானத்தையும். காயம் எப்படி வந்தது என்பதில் அந்தத் தகுதி தங்கியிருக்கவில்லை. ஆயுதப் போராட்ட இயக்கத்தில் இருந்து காயப்பட்டவர்களுக்குச் சேவை ஓய்வூதியம் என்று ஒன்று கிடையாது. அவர்களும் இதே கொடுப்பனவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பயத்தில் சிலர் ஷெல் காயத்தை 'வீதி விபத்து' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அது வேண்டாத பொய். நாளைக்கு வேறொரு அலுவலகத்தில் உண்மையைச் சொல்லும்போது, உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். தேவையில்லாத இடத்தில் காரணத்தை விரித்து எழுதாமல் விடுங்கள்; மாற்றி மட்டும் எழுதாதீர்கள்.

2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீட்டு அலுவலகத்தில் கேள்வி தலைகீழ். அங்கே காரணம்தான் உயிர்: எந்தத் திகதி, எந்த இடம், மோதலோடு என்ன தொடர்பு. அதற்கு முன் 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின்படி இருந்த புனர்வாழ்வு அதிகாரசபைக்கு விண்ணப்பித்தவர்கள், பழைய கோவை இலக்கத்தைத் தேடி எடுத்துப் புதிய கடிதத்தின் தலைப்பிலேயே எழுத வேண்டும். புதிதாக விண்ணப்பிப்பவர் போல் எழுதினால் பழைய கடிதங்கள் ஒருபக்கம், புதியவை ஒருபக்கம் என்று கிடக்கும்.

ஊழியர் சேமலாப நிதி வேறு. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதுக்கு முன் உடல் இயலாமையைக் காட்டிப் பணத்தை எடுக்க, வேலைக்கு நிரந்தரமாகவும் முழுமையாகவும் தகுதியில்லை என்று வைத்தியர் உறுதிப்படுத்த வேண்டும். 'இலகுவான வேலை செய்யலாம்' என்ற ஒரு சொற்றொடர் அங்கே கோரிக்கையைக் கவிழ்த்துவிடும். ஆகவே எந்த அலுவலகத்துக்கு என்று சொல்லித்தான் வைத்தியரிடம் கடிதம் கேட்க வேண்டும்.

வைத்தியர் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும்

ஆக அதிகமாகக் கெடுவது இங்கேதான். கிளினிக் நாளில் வரிசையில் நூறு பேர் நிற்க, வைத்தியர் இரண்டு வரி எழுதித் தருவார். 'வலது கால் முழங்காலுக்குக் கீழ் அகற்றப்பட்டுள்ளது.' இது உண்மை, ஆனால் அரைவாசி. பின்வருமாறு இருந்தால்தான் வாசிப்பவருக்கு விளங்கும்: 'வலது கால் முழங்காலுக்குக் கீழ் அகற்றப்பட்டது. வெட்டப்பட்ட முனையில் அடிக்கடி புண் வருவதால் செயற்கைக்கால் தொடர்ந்து அணிய முடியாது. ஊன்றுகோலுடன் சிறு தூரமே நடப்பார். குந்தி இருக்கவோ பாரம் தூக்கவோ முடியாது. நிலை நிரந்தரமானது.'

இதை வைத்தியர் தானாக எழுத மாட்டார். அவருக்கு நேரமில்லை, நீங்களும் சொல்லவில்லை. போகும்முன் ஒரு தாளில் ஐந்தாறு வரி எழுதிக் கொண்டுபோங்கள்: எவ்வளவு தூரம் நடக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், குளிக்க, உடுக்க, மலசலகூடம் போக யார் உதவி, எந்த வேலை விட்டுப்போனது, எப்போதிருந்து. பெருமைக்காக 'சமாளிக்கிறன் டொக்டர்' என்று சொல்லும் பழக்கம் எங்கள் ஆண்களுக்கு நிறைய உண்டு. அந்த ஒரு பதில் கிளினிக் கொப்பியில் 'நலமாக உள்ளார்' என்று ஏறிவிடும்.

கண் பாதிப்பு என்றால் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியே பார்வை அளவு இருக்க வேண்டும். காது என்றால் கேட்டல் பரிசோதனை வரைபடம். உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் எக்ஸ்ரேயும் அதற்கான அறிக்கையும். படத்தை மட்டும் கொடுத்தால் அதை வாசிக்க அலுவலகத்தில் ஆளில்லை. பழைய எக்ஸ்ரே பிலிம்கள் எங்கள் கடற்கரை வெக்கையிலும் ஈரத்திலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுப்போகும். இன்றைக்கே வெளிச்சத்தில் பிடித்துப் போனில் படமெடுத்து வையுங்கள்.

வலிப்பு, மனநோய் போல வந்து வந்து போகும் நோய்களில் சிக்கல் கூட. பரிசோதிக்கும் நாளில் ஆள் சாதாரணமாக இருப்பார். அதனால் வீட்டார் ஒரு கொப்பியில் திகதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, விழுந்து காயப்பட்டாரா என்று எழுதி வர வேண்டும். மூன்று மாதக் குறிப்பு இருந்தால் வைத்தியர் அதைப் பார்த்து எழுதுவார்.

பெயர் மாற்றமும் தொலைந்த ஆவணமும்

அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் வேறு எழுத்தில், ஆஸ்பத்திரி அட்டையில் வீட்டுப்பெயர். தாதி காதில் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதியது அது. எல்லாம் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து முதலிலேயே இணைத்துவிடுங்கள். கேட்ட பிறகு கொடுக்கலாம் என்றிருந்தால் கோவை திரும்பி வர மாதங்கள் ஆகும்.

1990 இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2006இல் மூதூர், சம்பூர் பகுதி இடப்பெயர்வு என்று ஒவ்வொன்றிலும் கடதாசிகள் போய்விட்டன. 'எல்லாம் தொலைந்துவிட்டது' என்று மட்டும் எழுதுவது போதாது. எந்த ஆஸ்பத்திரி, எந்த மாதம், எந்த வார்ட் என்று எழுதிப் பதிவைத் தேடச் சொல்லிக் கேட்க வேண்டும். 2006இல் வெருகல் தாண்டி வாகரைப் பக்கம் போனவர்கள் திருகோணமலையில் மட்டும் தேடிப் பயனில்லை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலும் கேட்க வேண்டும். முகாம் பதிவு அட்டை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பள்ளிக்கூடத்திலிருந்து விலகிய பதிவு, காயத்தைக் கண்ட இருவரின் சத்தியக்கடதாசி எல்லாம் துணைச் சான்றுகள். பதிவு இல்லை என்றால், இல்லை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கையளித்ததற்கு அத்தாட்சி இல்லாமை

ஜீ.எஸ் (கிராம சேவகர்) கையில் கொடுத்தேன் என்பது அத்தாட்சி ஆகாது. அவர் மாற்றலாகிப் போனால் கதை முடிந்தது. இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பிரதியோடு குத்தி வையுங்கள். மூலப் பிரதிகளை யாரிடமும் விட்டுவராதீர்கள். 'எடுத்துத் தாறன்' என்று காசு கேட்கும் தரகரிடம் அடையாள அட்டையையோ வங்கிப் புத்தகத்தையோ கொடுக்கவே வேண்டாம்.

வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. படிவத்தையும் பதிலையும் தமிழில் கேட்பது உங்கள் உரிமை.

அஸ்வெசும மேன்முறையீட்டில் அழுகை மட்டும்

'நாங்கள் மிகவும் கஷ்டப்பட்டவர்கள், தயவுசெய்து' என்று இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். கஷ்டம் உண்மைதான். ஆனால் வறிய குடும்பங்களுக்கான அரச உதவித் திட்டமான அஸ்வெசுமவில் கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவுகளில் புள்ளி போடப்படுகிறது. எந்தத் தகவல் பிழையாகப் பதியப்பட்டது என்று சுட்டிக் காட்டினால்தான் புள்ளி மாறும். ஒரே வளவில் இருக்கும் மச்சானின் முச்சக்கரவண்டி உங்கள் சொத்தாக ஏறியிருக்கலாம். இரண்டு குடும்பத்துக்கு ஒரே மின்மானி இருந்தால் முழு யூனிட்டும் உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். வண்டிப் பதிவுப் புத்தகத்தின் பிரதி, மின் பட்டியல், தனிக் குடும்பம் என்ற ஜீ.எஸ் கடிதம் ஆகியவற்றை இணைத்து, ஒரு பிழைக்கு ஒரு பந்தியாக எழுதுங்கள். மேன்முறையீட்டுக்கு அறிவிக்கப்படும் கடைசித் திகதியைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க நேரும்.

'வரும், வரும்' என்பதைப் பதிலாக எடுப்பது

காத்திருப்போர் பட்டியலில் இருப்பதும் நிராகரிக்கப்பட்டதும் ஒன்றல்ல. எது என்று தெரியாமல் மேன்முறையீடு எழுத முடியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத்தான் கை கொடுக்கும். பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'ஏன் தரவில்லை' என்று சண்டை பிடிக்காமல் ஆவணத்தைக் கேளுங்கள்: என் விண்ணப்பம் பதியப்பட்ட திகதியும் இலக்கமும், எனக்கான சிபாரிசின் பிரதி, பட்டியலில் என் இடம், தெரிவுக்குப் பயன்படுத்திய அளவுகோல், நிராகரித்திருந்தால் அந்த முடிவின் பிரதி. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் அல்லது பேசாமலிருந்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

நிராகரித்த பிறகு அதே கடதாசியைத் திருப்பிக் கொடுப்பது

முதல் விண்ணப்பத்தின் போட்டோப் பிரதியை மேன்முறையீடாகக் கொடுத்தால் முதல் பதிலே திரும்பி வரும். நிராகரிப்புக் காரணத்தை வார்த்தைக்கு வார்த்தை எடுத்து எழுதி, அதன் கீழே பதிலையும் புதிய சான்றையும் வையுங்கள். 'நிரந்தர இயலாமை அல்ல' என்றால் நிபுணரின் புதிய கடிதம். 'வருமானம் கூட' என்றால் மகன் திருமணமாகித் தனியே போன திகதியும் அதற்கான ஜீ.எஸ் கடிதமும். கடிதம் எழுத ஆளில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

பாகுபாடு காட்டப்பட்டதாக நினைத்தால் நாளை எண்ணத் தொடங்குங்கள். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டு இலக்கத்தை அன்றைக்கே வாங்கி, விசாரணை நிலுவையில் இருப்பதாகக் காட்டும் கடிதத்தையும் பிறகு கேட்டெடுத்து வையுங்கள்.